குறுகிய பட்டை எஃப்.எம்., ஏ.எம்.: நிறமாலை ஒன்றுபோலத் தெரியும்போது வேறுபாடு எங்கே இருக்கிறது?

கேள்வி: நிறமாலை மாணவி

வணக்கம். சிக்னல் ஜெனரேட்டரில் 10 மெகாஹெர்ட்ஸ் ஊர்தி அலையை வைத்து, 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையால் முதலில் 20 விழுக்காடு ஆழத்திற்கு வீச்சுப் பண்பேற்றம் (ஏ.எம்.) செய்தேன். பிறகு அதே 1 கிலோஹெர்ட்ஸ் தொனியைக் கொண்டு, 200 ஹெர்ட்ஸ் விலக்கம் (ஊர்தியின் அதிர்வெண் நடுவிலிருந்து விலகும் உச்ச அளவு) வரும்படி அதிர்வெண் பண்பேற்றம் (எஃப்.எம்.) செய்தேன். அதாவது பண்பேற்ற எண் (விலக்கத்தைத் தொனி அதிர்வெண்ணால் வகுத்தது) 0.2. ஸ்பெக்ட்ரம் அனலைசரில் இரண்டு முறையும் ஒரே காட்சிதான் கிடைத்தது: நடுவில் ஊர்தி அலை, இருபுறமும் 1 கிலோஹெர்ட்ஸ் தள்ளி, அதைவிட 20 டெசிபெல் தாழ்வாக ஒவ்வொரு கோடு. திரையை மட்டும் பார்த்தால் எது ஏ.எம்., எது எஃப்.எம். என்று சொல்ல இயலவில்லை.

இதையொட்டி எனக்கு மூன்று ஐயங்கள் இருக்கின்றன. கோடுகளின் இடமும் உயரமும் ஒன்றாகவே இருக்குமானால், ஒன்றில் வீச்சும் மற்றொன்றில் அதிர்வெண்ணும் மாறுகின்றன என்ற செய்தி எங்கே பதிந்திருக்கிறது? பட்டை அகலமும் இரண்டிலும் தொனி அதிர்வெண்ணின் இரு மடங்குதான் என்னும்போது, குறுகிய பட்டை எஃப்.எம்.மால் என்ன ஆதாயம்? பாடநூல்கள் பண்பேற்ற எண் ஒன்றைவிட மிகச் சிறியதாக இருந்தால்தான் குறுகிய பட்டை என்கின்றன. ஆனால் வாக்கி டாக்கிகளின் விவரக்குறிப்பில் 2.5 கிலோஹெர்ட்ஸ் விலக்கத்தையே ‘குறுகிய பட்டை’ என்று போடுகிறார்கள். இவற்றுள் எது சரி?

மறுமொழி 1: கட்டக்கோணம்

உங்கள் அனலைசர் ஒவ்வொரு கோட்டின் அளவை மட்டுமே காட்டுகிறது. அதன் கட்டத்தை, அதாவது அலை தன் சுழற்சியில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை, காட்டுவதில்லை. நீங்கள் தேடும் வேறுபாடு முழுவதும் அந்தக் காட்டப்படாத கட்டத்தில்தான் இருக்கிறது.

ஊர்தி அலையை, நீளம் 1 உள்ள ஓர் அம்பாகக் கருதி, நாமும் அதனுடனேயே சுழல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அந்த அம்பு நமக்கு அசையாமல் நிற்கும். மேல் பக்கப்பட்டை (ஊர்திக்கு மேலே 1 கிலோஹெர்ட்ஸ் தள்ளித் தெரியும் கோடு), நீளம் 0.1 உள்ள ஒரு சிறு அம்பாக நொடிக்கு 1000 முறை இடஞ்சுழியாகச் சுற்றும். கீழ்ப் பக்கப்பட்டை அதே நீளத்தில், அதே வேகத்தில் வலஞ்சுழியாகச் சுற்றும். எதிரெதிராகச் சுற்றும் இவ்விரண்டின் கூட்டுத்தொகை எப்போதும் ஒரே நேர்கோட்டில் முன்னும் பின்னுமாக அசையும். அந்த நேர்கோடு எந்தத் திசையில் கிடக்கிறது என்பதுதான் கேள்வி.

ஏ.எம்.மில் இரு சிறு அம்புகளும் ஊர்தி அம்பின் மேலேயே ஒன்றுசேரும். ஆகவே கூட்டுத்தொகை ஊர்தியின் திசையிலேயே அசைந்து, அதன் நீளத்தை 0.8க்கும் 1.2க்கும் இடையே மாற்றும். கோணம் சற்றும் மாறாது. குறுகிய பட்டை எஃப்.எம்.மின் சமன்பாட்டை விரித்தால், கீழ்ப் பக்கப்பட்டையின் முன்னால் ஒரு கழித்தல் குறி வந்து நிற்கும். அந்த ஒரு குறிதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது: இரு சிறு அம்புகளும் சேரும் கோடு ஊர்தி அலைக்குச் செங்குத்தாகத் திரும்பிவிடுகிறது. இப்போது ஊர்தி அம்பு நீள்வதற்கும் குறுகுவதற்கும் பதிலாக, இடமும் வலமுமாகச் சாய்கிறது. பண்பேற்ற எண் 0.2 என்பது 0.2 ரேடியன், அதாவது ஏறத்தாழ 11.5 பாகைச் சாய்வு. அந்தச் சாய்வு மாறும் வேகமே நீங்கள் வைத்த 200 ஹெர்ட்ஸ் விலக்கம்.

இதிலிருந்து வெளிப்படும் ஒரு பயனைச் சொல்லாமல் விட மனமில்லை. ஏ.எம். சைகையிலிருந்து ஊர்தி அலையை மட்டும் பிரித்து, அதன் கட்டத்தை 90 பாகை திருப்பி மீண்டும் சேர்த்தால், கிடைப்பது குறுகிய பட்டைக் கட்டப் பண்பேற்றம் (தொனி ஊர்தியின் கட்டத்தை நேரடியாக மாற்றும் முறை). பக்கப்பட்டைகளைத் தொடவே வேண்டாம். எட்வின் ஹோவர்ட் ஆர்ம்ஸ்ட்ராங் 1930களில் அமைத்த எஃப்.எம். ஒலிபரப்பி இந்த வழியைத்தான் பின்பற்றியது. படிக அலையியற்றியின் வெளியீட்டை 90 பாகை திருப்பிச் சமநிலைப் பண்பேற்றிக்கு (ஊர்தியை நீக்கிப் பக்கப்பட்டைகளை மட்டும் தரும் சுற்று) கொடுத்து, கிடைத்த பக்கப்பட்டைகளைத் திருப்பாத ஊர்தி அலையுடன் சேர்த்தார். பேச்சு அல்லது இசைச் சைகையை முன்கூட்டியே ஒரு தொகையிடும் சுற்றின் வழியே அனுப்பியதால், கட்டப் பண்பேற்றம் அதிர்வெண் பண்பேற்றமாகவே வெளிவந்தது. அந்த நிலையில் கிடைக்கும் விலக்கம் மிகச் சிறியது. 50 ஹெர்ட்ஸ் தொனிக்குப் பண்பேற்ற எண் 0.5ஐத் தாண்டக் கூடாது என்றால் விலக்கம் 25 ஹெர்ட்ஸ்தான். ஒலிபரப்புக்கு வேண்டியதோ 75 கிலோஹெர்ட்ஸ். எனவே அதிர்வெண் பெருக்கிகளால் அதனை ஏறத்தாழ 3000 மடங்கு பெருக்க வேண்டியிருந்தது. ஊர்தி அதிர்வெண்ணும் கூடவே அதே மடங்கு உயர்ந்துவிடாதபடி இடையில் ஒரு கலப்பியைக் கொண்டு கீழிறக்கினார்கள். கலப்பி ஊர்தியின் இடத்தை மாற்றுமே தவிர விலக்கத்தை மாற்றாது.

மறுமொழி 2: சோதனைமேசை

மேலே கட்டக்கோணம் அவர்கள் எழுதியதோடு உடன்படுகிறேன். ஆனால் ‘நீள்வதற்கும் குறுகுவதற்கும் பதிலாக’ என்ற இடத்தில் ஒரு நுட்பம் விடுபட்டிருக்கிறது. செங்குத்தாக 0.2 தள்ளினால் அம்பின் நீளம் 1ஆகவே இருக்காது, 1.04இன் வர்க்கமூலம், அதாவது ஏறத்தாழ 1.02 ஆகும். ஒரு சுற்றில் இரு முறை இந்த நீட்சி வருவதால், 2 கிலோஹெர்ட்ஸில் ஒரு சிறிய வீச்சுப் பண்பேற்றம் தோன்ற வேண்டும். ஆனால் உண்மையான எஃப்.எம். சைகையின் வீச்சு மாறவே கூடாதே?

பாடநூல் தோராயமாக்கும்போது கைவிட்ட உறுப்புகள் இங்கேதான் தேவைப்படுகின்றன. பண்பேற்ற எண் 0.2க்குப் பெசல் சார்புகளின் (எஃப்.எம். கோடுகளின் உயரத்தைத் தரும் கணிதச் சார்புகள்) மதிப்புகளை எடுத்துப் பாருங்கள்: ஊர்தி அலை 0.990, முதல் பக்கப்பட்டைகள் 0.0995, இரண்டாம் பக்கப்பட்டைகள் 0.005. அந்த இரண்டாம் இணை ஊர்தியின் திசையிலேயே சேர்ந்து, மேலே சொன்ன 2 கிலோஹெர்ட்ஸ் நீட்சியை அப்படியே ஈடுசெய்கிறது. ஊர்தி அலை 1இலிருந்து 0.99ஆகக் குறைந்தது மீதியுள்ள சராசரி நீட்சியை ஈடுசெய்கிறது. கணக்கு இவ்வளவு துல்லியமாகப் பொருந்துவதைத் தாளில் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

இதனால் உங்கள் அனலைசருக்கும் ஒரு வேலை கிடைக்கிறது. எஃப்.எம். நிலையில் ஊர்தியிலிருந்து 2 கிலோஹெர்ட்ஸ் தள்ளி, அதைவிட 46 டெசிபெல் தாழ்வாக ஒரு மெல்லிய கோடு இருபுறமும் தெரிய வேண்டும். வடிகட்டியின் அகலத்தை 100 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கும் கீழே வைத்துத் தேடுங்கள். ஆனால் இதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள், ஏனெனில் ஜெனரேட்டரின் ஏ.எம். பகுதியில் சிறிதளவு உருக்குலைவு இருந்தாலும் அதே இடத்தில் ஒரு கோடு முளைக்கும். ஊர்தி அலை குறைவதைக் கொண்டும் கண்டுபிடிக்க முடியாது; அந்தக் குறைவு 0.09 டெசிபெல்கூட இல்லை.

நம்பத்தக்க சோதனை வேறு. விலக்கத்தை 200 ஹெர்ட்ஸிலேயே வைத்துக்கொண்டு தொனியை 1 கிலோஹெர்ட்ஸிலிருந்து 2 கிலோஹெர்ட்ஸுக்கு உயர்த்துங்கள். எஃப்.எம்.மில் பண்பேற்ற எண் பாதியாகி, பக்கப்பட்டைகள் 6 டெசிபெல் இறங்கி 26 டெசிபெல் தாழ்வுக்குப் போகும். ஏ.எம்.மில் ஆழத்தை மாற்றாதவரை அவை இடம் மாறுமே ஒழிய உயரம் மாறாது. கட்டப் பண்பேற்றத்திலும் உயரம் மாறாது என்பதால், ஏ.எம்.மையும் கட்டப் பண்பேற்றத்தையும் பிரித்தறிய இந்தச் சோதனை உதவாது. அதற்கு ஒரு லிமிட்டர் (வீச்சின் ஏற்ற இறக்கத்தை வெட்டிச் சமமாக்கும் சுற்று) வேண்டும்: சைகையை லிமிட்டர் வழியே விட்டால் ஏ.எம்.மின் பக்கப்பட்டைகள் மறைந்துபோகும், கோணப் பண்பேற்றத்தின் (எஃப்.எம்., கட்டப் பண்பேற்றம் இரண்டின்) பக்கப்பட்டைகள் அப்படியே நிற்கும்.

டையோடு டிடெக்டர் கொண்ட சாதாரண ஏ.எம். வானொலிப் பெட்டியும் ஒரு நல்ல அளவுகோல்தான். எஃப்.எம். சைகையின் நடுவில் துல்லியமாக அதனை வைத்தால் தொனி ஏறத்தாழக் கேட்காது. சற்றே ஒரு பக்கமாகத் திருப்பினால், ஒரு பக்கப்பட்டை வடிகட்டியின் சரிவில் மாட்டிக்கொண்டு வலுவிழக்கும். இரண்டும் சமமாக இல்லாததால் கூட்டுத்தொகை இனிச் செங்குத்துக் கோட்டில் அடங்காது, வீச்சு மாறத் தொடங்கும், தொனியும் கேட்கும். சரிவுமுறைக் கண்டறிதல் என்பது இதுதான்.

ஒரு கிளைச்செய்தி, ஆனால் பயனுள்ளது. ஊர்தி அலைக்கு ஒரே பக்கத்தில் மட்டும் 40 டெசிபெல் தாழ்வாக ஒரு வேண்டாத கோடு இருந்தால், அது பாதி ஏ.எம்., பாதி கட்டப் பண்பேற்றம். இரண்டும் தத்தம் பக்கப்பட்டைகளாக 46 டெசிபெல் தாழ்வில் இருக்கின்றன, ஒரு பக்கத்தில் அவை கூடுகின்றன, மறுபக்கத்தில் அழிகின்றன. லிமிட்டருக்குப் பின்னால் பார்த்தால் ஒற்றைக் கோடு இருந்த இடத்தில், இருபுறமும் 46 டெசிபெல் தாழ்வாக ஓர் இணை நிற்கும். முதன்முறை பார்ப்பவர்கள், புதிதாக ஒரு கோடு எங்கிருந்து வந்தது என்று கருவியைத்தான் சந்தேகிப்பார்கள்.

மறுமொழி 3: பழைய வால்வு

இரண்டாவது, மூன்றாவது ஐயங்களை நான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் உண்மையில் ஒரே ஐயம்.

பட்டை அகலத்தைச் சேமிக்கவே எஃப்.எம். என்று தொடக்கத்தில் பலர் எண்ணினார்கள். விலக்கத்தை 100 ஹெர்ட்ஸாகச் சுருக்கினால் சைகையும் அவ்வளவு இடத்தில் அடங்கிவிடும் என்பது அவர்கள் கணக்கு. அது தவறு என்று ஜான் கார்சன் 1922இல் கணித வழியில் காட்டினார்: விலக்கம் எவ்வளவு சிறிதானாலும், பக்கப்பட்டைகள் தொனி அதிர்வெண் அளவுக்குத் தள்ளித்தான் நிற்கும். அவருடைய பெயரால் வழங்கும் விதி, விலக்கத்தையும் உச்சத் தொனியையும் கூட்டி இரண்டால் பெருக்கச் சொல்கிறது. விலக்கம் மிகச் சிறிதானால் அது ஏ.எம்.மின் அகலத்திலேயே வந்து நின்றுவிடும்.

இரைச்சலிலும் பாடநூல் சொல்லும் குறுகிய பட்டை எஃப்.எம். வெல்வதில்லை. சராசரித் திறனும் இரைச்சல் அடர்த்தியும் சமம், சைகை இரைச்சலைவிடப் போதிய அளவு வலுவானது என்று வைத்துக்கொண்டால், ஒற்றைத் தொனிக்கு எஃப்.எம்.மின் தகுதி எண் (கண்டறிந்த பின் சைகை இரைச்சலைவிட எவ்வளவு மேலானது என்பதை ஒப்பிடும் எண்) பண்பேற்ற எண்ணின் வர்க்கத்தைப்போல் ஒன்றரை மடங்கு. முழு ஆழத்தில் பண்பேற்றிய ஏ.எம்.முக்கு அது மூன்றில் ஒன்று. 0.2ஐப் போட்டால் எஃப்.எம்.முக்குக் கிடைப்பது 0.06, ஏ.எம். 7 டெசிபெல்லுக்கும் மேலாக முந்துகிறது. இரண்டும் சமமாவது பண்பேற்ற எண் ஏறத்தாழ 0.47 ஆகும்போதுதான். குறுகிய பட்டைக்கும் அகலப் பட்டைக்கும் எல்லையாக 0.5ஐச் சொல்லும் வழக்கத்திற்கு இதுவும் ஒரு நியாயம்.

ஆனால் உங்கள் சோதனையில் இருந்தது முழு ஆழ ஏ.எம். அல்ல, 20 விழுக்காடுதான். அந்த ஏ.எம்.மின் தகுதி எண் 0.02க்குச் சற்றுக் கீழே, 0.06 வாங்கிய எஃப்.எம். அதைவிட ஏறத்தாழ 5 டெசிபெல் மேலானது. பக்கப்பட்டைகள் சமமாக இருந்தும் இந்த வேறுபாடு வருவதற்குக் காரணம், எஃப்.எம். கண்டறிவியின் வெளியீட்டில் இரைச்சல் தாழ் அதிர்வெண்களில் மெலிந்தும் உயர் அதிர்வெண்களில் திரண்டும் இருப்பதே. ஆக, பக்கப்பட்டைக்குப் பக்கப்பட்டை ஒப்பிட்டால் எஃப்.எம். மேல்; ஆனால் ஏ.எம். தன் பக்கப்பட்டைகளை மொத்தத் திறனில் மூன்றில் ஒரு பங்குவரை வளர்த்துக்கொள்ளலாம், குறுகிய பட்டை எஃப்.எம்.முக்கோ அந்த உரிமை இல்லை. 0.2இல் அதன் பக்கப்பட்டைகளுக்குப் போவது மொத்தத் திறனில் 2 விழுக்காடுதான்.

இனி வாக்கி டாக்கி. பேச்சின் உச்ச அதிர்வெண்ணை 3 கிலோஹெர்ட்ஸ் என்று கொண்டால், 2.5 கிலோஹெர்ட்ஸ் விலக்கத்திற்குப் பண்பேற்ற எண் 0.83, கார்சன் விதிப்படி அகலம் 11 கிலோஹெர்ட்ஸ், 12.5 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை இடைவெளியில் அது அடங்கிவிடுகிறது. பழைய 5 கிலோஹெர்ட்ஸ் விலக்கத்திற்குப் பண்பேற்ற எண் 1.67, அகலம் 16 கிலோஹெர்ட்ஸ். அதற்கு 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. இரண்டுமே பாடநூலின் வரையறைக்குள் வராதவை. 75 கிலோஹெர்ட்ஸ் விலக்கமும் 180 கிலோஹெர்ட்ஸ் அகலமும் கொண்ட ஒலிபரப்பு எஃப்.எம்.மோடு ஒப்பிட்டுத்தான் இவற்றைக் ‘குறுகியவை’ என்கிறார்கள். பாடநூல் கணிதத்தை வைத்துப் பேசுகிறது, விவரக்குறிப்பு அலைவரிசை இடைவெளியை வைத்துப் பேசுகிறது. எது சரி என்று கேட்பதில் பொருளில்லை.

அந்த 0.83இலேயே எஃப்.எம். முழு ஆழ ஏ.எம்.மைவிட ஏறத்தாழ 5 டெசிபெல் முந்திவிடுகிறது, 1.67இல் 11 டெசிபெல். இடைவெளியைப் பாதியாக்கியபோது பழைய கருவிகளைப் பயன்படுத்தியவர்கள் இழந்தது இந்த 6 டெசிபெல்லைத்தான். வாங்கியின் வடிகட்டியும் குறுகுவதால் அதில் ஒரு பகுதி நலிந்த சைகைகளுக்குத் திரும்பக் கிடைக்கும் என்பது ஓர் ஆறுதல்.

என்னைக் கேட்டால், நடைமுறையில் எஃப்.எம். வென்றது இந்த டெசிபெல்களால் மட்டுமல்ல. வீச்சு மாறாத சைகைக்கு நேர்கோட்டுத் தன்மையுள்ள பெருக்கி தேவையில்லை. வீச்சைச் சிதைத்தாலும் மின்திறனை அதிகம் வீணாக்காத சி வகுப்புப் பெருக்கியை முழு வேகத்தில் ஓட்டலாம், மின்கலம் நீடிக்கும். வண்டி ஓடும்போது சைகை ஏறி இறங்குவதையும் தீப்பொறி இரைச்சலையும் லிமிட்டர் பெருமளவு அடக்கிவிடும். இவையெல்லாம் பண்பேற்ற எண் எவ்வளவு என்று பார்க்காமல் எஃப்.எம்.முக்குக் கிடைக்கும் வசதிகள்.

விலக்கத்தைச் சரிபார்க்க அனலைசரே போதும். பண்பேற்ற எண் 2.405ஐ எட்டும்போது ஊர்தி அலைக் கோடு முழுவதுமாக மறைந்துவிடும். 1040 ஹெர்ட்ஸ் தொனியைக் கொடுத்து, அதன் வீச்சை மெல்ல உயர்த்துங்கள்; ஊர்தி முதன்முறை மறையும் இடத்தில் விலக்கம் 2.5 கிலோஹெர்ட்ஸ். ஏ.எம்.மில் எவ்வளவு உயர்த்தினாலும் ஊர்தி அலை இப்படி மறையாது.

மீண்டும்: நிறமாலை மாணவி

மூவருக்கும் நன்றி. தொனியை 2 கிலோஹெர்ட்ஸாக்கியதும் எஃப்.எம்.மின் கோடுகள் 6 டெசிபெல் இறங்கின. 46 டெசிபெல் தாழ்வான கோடும் தெரிந்தது. ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: எஃப்.எம்.முக்கு இத்தனை வசதிகள் இருந்தும், விமானங்கள் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் இன்னும் ஏ.எம்.மிலேயே பேசுவது ஏன்?

மறுமொழி 4: கட்டக்கோணம்

பழைய கருவிகளுடன் ஒத்துப்போக வேண்டும் என்பது ஒரு காரணம். உலகம் முழுவதும் ஒரே நாளில் கருவிகளை மாற்ற முடியாது. ஆனால் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. போதிய விலக்கமுள்ள எஃப்.எம்.மில் இரு நிலையங்கள் ஒரே நேரத்தில் பேசினால், வலுவானது மட்டுமே கேட்கும். மற்றது இருந்த சுவடே தெரியாமல் போகலாம். ஏ.எம்.மில் இரண்டும் கேட்கும், அல்லது இரு ஊர்தி அலைகளின் வேறுபாட்டு அதிர்வெண்ணில் ஒரு கீச்சொலியாவது எழும். பேச்சு புரியாவிட்டாலும், இன்னொருவரும் அழைத்தார் என்பது கட்டுப்பாட்டாளருக்குத் தெரிந்துவிடும். நெருக்கடியில் இருக்கும் விமானத்தின் நலிந்த குரலை எஃப்.எம். விழுங்கிவிடக்கூடும். இடமும் கூடுதலாகத் தேவைப்படாததால், இடைவெளியை 25 கிலோஹெர்ட்ஸிலிருந்து 8.33 கிலோஹெர்ட்ஸாகச் சுருக்கிய பிறகும் ஏ.எம்.மையே தொடர முடிந்தது. 11 கிலோஹெர்ட்ஸ் கேட்கும் வாக்கி டாக்கி எஃப்.எம். அங்கே நுழையவே முடியாது.

மறுமொழி 5: சோதனைமேசை

வலுவானது மெலிந்ததை அடக்கும் அந்தப் பண்பு, எஃப்.எம். என்ற பெயரால் வருவதல்ல, விலக்கத்தால் வருவது. உங்கள் 0.2 சைகையில் வேண்டிய பேச்சு ஊர்தியை 11.5 பாகைதான் சாய்க்கிறது. ஓரிரு கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் பாதி வீச்சில் வரும் ஓர் இடையூற்று அலை அதே ஊர்தியை 30 பாகைவரை சாய்த்துவிடும். மேசையில் இரண்டாவது ஜெனரேட்டர் இருந்தால் அதனை 1.5 கிலோஹெர்ட்ஸ் தள்ளி, 6 டெசிபெல் குறைவாக வைத்து, எஃப்.எம். வாங்கியில் கேட்டுப் பாருங்கள். விலக்கம் 200 ஹெர்ட்ஸாக இருக்கும்போது இடையூற்றின் கீச்சொலியே ஓங்கி ஒலிக்கும். அதே அமைப்பில் விலக்கத்தை 5 கிலோஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால் உங்கள் தொனி மேலெழுந்து, கீச்சொலி பின்தங்கிவிடும்.